பொறுப்பெடுக்கும் பிள்ளைகளுக்கு

ஊரைவிட்டு வெளியேற்றப்பட்ட முள்ளிக்குளத்துப் பிள்ளைகள் இன்றைக்கு ஒரு இடத்தில் இல்லை. மலங்காட்டில் கொஞ்சப் பேர், காயாக்குளியில் கொஞ்சப் பேர், மன்னார்ப் பட்டினத்தில் வாடகை வீட்டில் சிலர், கடல் கடந்து போனவர்கள் சிலர். ஊர்ச் சங்கத்தை இனி இளையவர்கள் நடத்தட்டும் என்று பெரியவர்கள் விலகி இடம் விட்டிருக்கிறார்கள். "ரீச்சர், என்னத்தில இருந்து தொடங்கிறது?" என்று உங்களில் சிலர் கேட்டீர்கள். வாயால் சொன்னால் ஆளுக்கொரு விதமாய் நினைவில் நிற்கும். அதனால் எழுதித் தருகிறேன்.

இந்தக் கரையில் நெடுங்காலம் படிப்பித்தவள் நான். ஊரைப் பற்றி உருக்கமாகப் பேசுகிறவர்கள் நூறு பேர் இருந்தும் கலைந்து போன ஊர்களைக் கண்டிருக்கிறேன். இந்த நாளில் இந்த வேலை என்னுடையது, நான் போகாவிட்டால் அது நடக்காது என்று அறிந்த ஒருவர் வீட்டுக்கு வீடு இருந்தால், காணி கையில் இல்லாத காலத்திலும் ஊர் நிற்கும். கீழே நான் சொல்வது எல்லாம் அந்த வேலைகளை எப்படிப் பிரித்துக் கொடுப்பது என்பதைப் பற்றியது.

1. முதலில் ஒரு தடித்த கொப்பி வாங்குங்கள். கோயில் வாசலில் இருந்து தொடங்கி, இடம்பெயர முன்னர் எந்த வளவில் யார் இருந்தார்கள் என்று நடக்கிற ஒழுங்கிலேயே எழுதுங்கள். பெயர் மட்டும் போதாது. படலை எந்தத் திசையில், கிணறு யாருக்கும் யாருக்கும் பொது, முற்றத்தில் நின்ற மரம் என்ன, மாட்டுப் பட்டி எங்கே, குளத்துக்கு இறங்கும் பாதை எவருடைய காணிக்குள்ளால் போனது, வாடிகள் எந்த ஒழுங்கில் இருந்தன, கரைவலைப் பாடுகளின் எல்லை எது. பக்கத்திலேயே ஒரு படமும் கீறுங்கள். மைப்பேனை வேண்டாம், பென்சிலால் கீறுங்கள்; அழிக்க வேண்டி வரும்.

இதை ஒரு ஆளிடம் தனியாகக் கேட்கக் கூடாது. இரண்டு மூன்று வயதானவர்களை ஒன்றாக இருத்திக் கேளுங்கள். ஒருவர் சொன்னதை மற்றவர் மறுப்பார். "அது உன்ர சித்தப்பன் வந்த பிறகு போட்ட வேலி, அதுக்கு முந்தி அங்க நடைபாதை" என்று மூன்றாமவர் சொல்வார். அந்த இழுபறிக்குள்ளேயிருந்து சரியான சங்கதி வெளியே வரும். இதற்கு நல்ல இடம் செத்தவீடு. அதைவிட நல்லது முப்பத்தொராம் நாள். அழுகை ஓய்ந்து, எல்லாச் சொந்தமும் ஒரே முற்றத்தில் இருக்கிற நாள் அது. சொன்னவரின் பெயரையும் சொன்ன திகதியையும் ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் எழுத மறக்க வேண்டாம்.

அதோடு கடுதாசிகளைச் சேருங்கள். காணி உறுதி, அனுமதிப்பத்திரம், பழைய வாக்காளர் இடாப்பின் பிரதி, பள்ளிக்கூட வரவு இடாப்பு, கடற்றொழிலாளர் சங்கத்தின் பங்குப் புத்தகம், பங்குக் கோயிலின் ஞானஸ்நானப் பதிவும் விவாகப் பதிவும். உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வெளியேறும்போது பெட்டியைத் திறந்து உறுதி தேட யாருக்கும் நேரம் இருக்கவில்லை. ஆனால் காணிக் கச்சேரி வைத்தால் உத்தியோகத்தர் முதலில் கேட்பது அந்தக் கடுதாசியைத்தான். உறுதி இல்லாத வீட்டுக்கு, அந்த ஊரில் எடுத்த ஒரு ஞானஸ்நானப் பத்திரம்கூட ஒரு சாட்சி. எல்லாவற்றுக்கும் மூன்று பிரதி எடுங்கள். ஒன்று பங்குச் சுவாமியிடம், ஒன்று மன்னாரில் நம்பிக்கையான ஒருவரிடம், ஒன்று வெளிநாட்டில். படம் எடுத்து வட்ஸ்அப்பில் போட்டாயிற்று என்று இருந்துவிடாதீர்கள்.

2. நடந்ததைச் சின்னப் பிள்ளைகளுக்குத் திகதியோடு சொல்லிக் கொடுங்கள். 2007 செப்டெம்பர் 8ஆம் திகதி, யுத்தத்தின் நடுவில், ஊர் முழுவதும் வெளியேற்றப்பட்டது. பிறகு அந்த மண்ணில் கடற்படையின் வடமேற்குக் கட்டளைத் தலைமையகம் அமைந்தது. 2009இல் யுத்தம் முடிந்தும் வீடு திரும்ப வழி இருக்கவில்லை. 2012 யூனில் ஒரு பகுதியினர் பக்கத்திலுள்ள மலங்காட்டுக் காட்டைத் துப்புரவாக்கிக் கொட்டில் போட்டார்கள். 2017 மார்ச் 23ஆம் திகதி தொடங்கி ஊர் மக்கள் காணியைக் கேட்டுத் தெருவோரம் பந்தல் போட்டுத் தொடர்ந்து இருந்தார்கள். பெண்கள்தான் முன்னுக்கு இருந்தார்கள். ஏப்ரல் 29ஆம் திகதி, 100 ஏக்கரை விடுவிக்கிறோம் என்று கடற்படை அறிவித்தது. அந்த அறிவிப்புக்கும் வீட்டு வாசலுக்கும் இடையில் இருந்த தூரத்தையும் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும்.

திகதி ஏன் என்று கேட்பீர்கள். திகதியும் இடமும் தெரியாமல் வளர்கிற கோபத்தைத் தேர்தல் காலத்தில் வருகிறவர்கள் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். எது எப்போது நடந்தது, யார் என்ன வாக்குக் கொடுத்தார்கள் என்று அறிந்த பிள்ளை நிதானமாகக் கேள்வி கேட்கும். மன்னார் ஆயராக 1992 முதல் 2016 வரை இருந்த இராயப்பு யோசேப்பு ஆண்டகை இந்தக் காணிக்காகப் பேசியதையும், தெற்கில் இருந்து வந்து பந்தலில் பக்கத்தில் இருந்த சிங்களச் சகோதரர்களையும் அதே மூச்சில் சொல்லுங்கள். அதுவும் நடந்ததுதான்.

3. சங்கத்தின் கணக்கு. வருடத்துக்கு ஒரு தடவை, திருவிழாப் பூசை முடிந்த கையோடு, கோயில் முற்றத்தில் சத்தமாக வாசியுங்கள். தலைவர் இரண்டு வருடத்துக்கு மேல் அந்தக் கதிரையில் இருக்கக் கூடாது. இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

4. ஓகஸ்ட் 15ஐ விடாதீர்கள். பரலோக மாதா திருநாள் நம்முடைய ஊரின் திருநாள். கோயிலில் பூசை கேட்கக் கடற்படை வழி விட்ட காலத்திலும் தன் வளவுக்குள் கால் வைக்க முடியாத சனம் நாங்கள். ஆனாலும் அந்தக் கோயில் முற்றத்தில் நின்றபோது ஊர் ஊராக இருந்தது. மருதமடு மாதாவின் கதை உங்களுக்குத் தெரியும். ஒல்லாந்தர் காலத்துக் கெடுபிடிக்குத் தப்பி, மாந்தையில் இருந்து சில குடும்பங்கள் சொரூபத்தைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் போனார்கள் என்பது மரபு. 2008 ஏப்ரலிலும் சண்டைக்குத் தப்ப அதே சொரூபம் மடுவில் இருந்து தேவன்பிட்டிக்குப் போய்த் திரும்பி வந்தது. இடம் மாறியும் திருநாள் மாறாமல் வைத்திருந்த பழக்கம் இந்த மாவட்டத்து மண்ணிலேயே இருக்கிறது.

திருவிழாவை நடத்துவதில் எனக்கு ஒரு கண்டிப்பு உண்டு. பழைய காலத்தில் எந்தக் குடும்பம் கொடிக் கயிறு, எது தோரணம், எது கூடு சோடிப்பது, எந்த நவநாள் யாருடைய உபயம், பெரிய பானையில் சோறு வடிப்பது எந்த வீட்டுப் பெண்கள் என்று எல்லாம் பிரிந்திருந்தது. அந்தப் பிரிவை அப்படியே எழுதி, அந்த வீட்டுப் பிள்ளைகளின் பெயரில் திருப்பிக் கொடுங்கள். ஒரு வீட்டார் முழுக்க வெளிநாட்டில் என்றால் அவர்கள் சார்பில் யார் செய்வார் என்று அவர்களே ஆளை நியமிக்க வேண்டும். காசு அனுப்பிவிட்டோம், ஆள் பிடியுங்கள் என்று சொல்ல விடக் கூடாது. பந்தலையும் சாப்பாட்டையும் சோடனையையும் கூலிக்கு விட்டால் திருவிழா பார்வைக்கு வடிவாக இருக்கும். ஊர்ச் சனம் பார்வையாளராகிவிடும். ஒலிபெருக்கியை வாடகைக்கு எடுங்கள், மின்பிறப்பாக்கியை எடுங்கள். தோரணம், கூடு, சோறு மூன்றையும் கையால் செய்யுங்கள்.

வெளிநாட்டில் இருக்கிறவர்களுக்கும் இதே சொல். ஜேர்மனியில் கெவலார் என்ற மாதா திருத்தலத்துக்கு ஓகஸ்ட் மாதத்தில் ஐரோப்பா முழுவதிலும் இருந்து தமிழ்ச் சனம் ஆயிரக்கணக்கில் வருகிறது. சைவ ஆட்களும் வந்து மெழுகுதிரி கொளுத்துகிறார்கள். அங்கே போகிற முள்ளிக்குளத்தார் எல்லோரும் ஒரு மர நிழலில் கூடுங்கள். கூடும்போது ஒரு வேலையோடு கூடுங்கள். நவநாள் செபத்தை யார் சொல்வது, யார் பாடுவது என்று முன்பே தீர்மானித்துப் போங்கள்.

5. கூத்தைப் பற்றி நீளமாகச் சொல்ல வேண்டும். மன்னார் மாவட்டத்துக் கத்தோலிக்க ஊர்கள் கூத்தால் கட்டப்பட்டவை. வடபாங்கு, தென்பாங்கு என்று இரண்டு பாங்குகள். நாடகம் ஒரு வகை, வாசாப்பு இன்னொரு வகை. 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் எண்டிறீக்கு எம்பரதோர் நாடகம், மூவிராசாக்கள் நாடகம், ஞானசவுந்தரி நாடகம் ஆகியவற்றைப் பதிப்பித்து அச்சில் கொண்டுவந்தார். அதுவரை அவை ஏட்டிலும் கையெழுத்துக் கொப்பியிலும் அண்ணாவிமாரின் நெஞ்சிலும் இருந்தவை. அந்தப் பதிப்புகளைத் தேடி வாங்கி வாசிகசாலையில் வையுங்கள். ஆனால் புத்தகம் கிடைத்ததும் கூத்துக் கிடைத்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். மெட்டு புத்தகத்தில் இல்லை.

ஒரு கூத்தைப் பழக மாதக்கணக்காகும். வேலை முடிந்த பிறகு இரவில் கூடுவார்கள். அண்ணாவியார் ஒரு அடியைப் பாட, பழகுகிறவர் திருப்பிப் பாடுவார், பிழைத்தால் மறுபடி. மத்தளக்காரர், சல்லரிக்காரர், பிற்பாட்டுக்காரர், கொப்பி பார்க்கிறவர், உடுப்புத் தைக்கிறவர், தேத்தண்ணி வைக்கிறவர் என்று மேடையில் ஏறாத ஆட்களே அதிகம். பிறகு வெள்ளுடுப்பு, பிறகு அரங்கேற்றம். விடியும் வரை ஆட்டம். அத்தனை மாதமும் ஒரு ஊர்ச் சனம் இரவு இரவாக ஒரே இடத்தில் இருந்தது என்பதே கூத்தின் பெரிய பலன். கோபதாபத்தில் முகம் பார்க்காத இரண்டு வீட்டுப் பிள்ளைகளை அண்ணாவியார் அரசனும் மந்திரியுமாகப் போட்டுவிடுவார். அவர்கள் பேசாமல் இருக்க முடியாது.

இன்றைக்கு மேடைக்காரர் இருபது நிமிடம் தருகிறோம் என்று கூப்பிடுகிறார்கள். போகாதீர்கள் என்று சொல்ல மாட்டேன். ஆனால் முழுக் கூத்தைச் சாறு பிழிந்து இருபது நிமிடத்துக்குள் அடைக்க வேண்டாம். ஒரு காட்சியை எடுங்கள். அதைக் குறைக்காமல், அதன் விருத்தமும் தருவும் வசனமும் இருக்கிறபடியே ஆடுங்கள். பதிவு செய்த இசைக்கு வாயசைக்க ஒருபோதும் சம்மதிக்க வேண்டாம். புதிதாக வருகிறவரை முதலில் பிற்பாட்டில் நிறுத்துங்கள். பிற்பாட்டுக்காரர் ஒரு வருடத்தில் எல்லாப் பாத்திரத்தின் பாட்டையும் பாடமாக்கிவிடுவார். நாயகனாக நின்றவருக்குத் தன் பாட்டு மட்டுமே தெரியும்.

தவக்காலத்துப் பசாமும் ஒப்பாரியும் பெண்கள் கையில் இருக்கிற சொத்து. வயதான பெண்கள் ஒவ்வொருவராய்ப் போய்க்கொண்டிருக்கிறார்கள். அனுமதி கேட்டு, தொடக்கத்தில் இருந்து முடிவு வரை ஒலிப்பதிவு செய்யுங்கள். உங்களுக்குப் பிடித்த பகுதியை மட்டும் வெட்டி எடுக்காதீர்கள். ஒலிப்பதிவு முடிந்ததும் வேலை முடியாது. இரண்டு பெண்பிள்ளைகளை அந்த அம்மாவுக்குப் பக்கத்தில் இருத்தி, அடுத்த பெரிய வெள்ளிக்கிழமை அவர்கள் பிற்குரல் கொடுக்க வேண்டும் என்று முடிவு செய்யுங்கள்.

6. கரைக்குப் போங்கள். சோளகம் ஓய்ந்து கடல் படுத்ததும் கரைவலை தொடங்கும். அந்த வலைக்கு எத்தனை கை வேண்டும் என்று பார்த்த பிள்ளைகளுக்குத் தெரியும்: வள்ளத்தில் வலை வளைக்கிறவர்கள், மண்டாடி, இரண்டு பக்கக் கயிற்றிலும் ஆணும் பெண்ணுமாய் இழுக்கிறவர்கள், மடி கரை தட்டும்போது தண்ணிக்குள் இறங்குகிறவர்கள், சூடையும் சாளையும் காரலும் தெரிந்து பிரிக்கிறவர்கள். வலைச் சொந்தக்காரனுக்கு ஒரு பங்கு, இழுத்தவர்களுக்குப் பங்கு, கோயிலுக்கு ஒதுக்கியது, விதவைக்கும் இயலாதவருக்கும் ஒரு கை மீன். இந்தப் பங்கு முறையைப் பிள்ளை கண்ணால் பார்த்தால் போதும், நீதியைப் பற்றி நான் தனியாகப் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

இப்போது பல கரைகளில் உழவு இயந்திரத்தில் வின்ச் பூட்டி வலையை இழுக்கிறார்கள். இழுக்கிற ஆட்கள் குறைந்தால், வலை இழுக்கும்போது பாடுகிற அம்பாப் பாட்டு போய்விடும். கயிற்றில் கை இல்லாமல் அம்பா பாட முடியாது. வருமானத்துக்கு இயந்திரம் தேவை என்பவர்களோடு நான் வாதாட மாட்டேன். ஆனால் வருடத்தில் சில நாளாவது கையால் இழுக்கிற வலை ஒன்று இருக்கட்டும், அன்றைக்குப் பள்ளிப் பிள்ளைகள் கயிற்றில் நிற்கட்டும். விடுமுறைக்கு வெளிநாட்டில் இருந்து வருகிற பிள்ளையைக் கதிரை போட்டு இருத்தி இளநீர் வெட்டிக் கொடுத்து அனுப்பாதீர்கள். கயிற்றைக் கையில் கொடுங்கள். உள்ளங்கை சிவந்தால் பரவாயில்லை.

7. கூட்டம் கூடுவதை ஊர் என்று எண்ணி ஏமாற வேண்டாம். நமக்கு அயலில் மறிச்சுக்கட்டிக் கரையில் 1905இலும் 1906இலும் பெரிய முத்துக்குளிப்பு நடந்தது. வெறும் மணலில் கிடுகும் தடியுமாய் ஒரு பட்டினம் எழும்பியது. கீழக்கரையில் இருந்தும் அரபுக் கரையில் இருந்தும் குளிகாரர் வந்தார்கள். கடைத்தெரு, பொலிஸ், ஆசுபத்திரி, நீதிமன்றம் எல்லாம் இருந்தன. சிப்பியைக் கொட்டி எண்ணிப் பங்கு பிரிப்பார்கள். குளிகாரருக்கு மூன்றில் ஒன்று, மிச்சம் அரசாங்கத்துக்கு. அப்போது இளம் அரச உத்தியோகத்தராக இருந்த லியனாட் வூல்ஃப் 1906இல் அங்கே வேலை பார்த்துப் பிற்காலத்தில் எழுதியும் வைத்திருக்கிறார். சில கிழமைகளில் குளிப்பு முடிந்ததும் எல்லோரும் போய்விட்டார்கள். மணல் மணலாகவே கிடந்தது.

கனடாவிலோ லண்டனிலோ மண்டபம் எடுத்து வருடத்தில் ஒரு நாள் கூடிச் சாப்பிட்டுப் படம் எடுத்துப் பிரிகிற ஒன்றுகூடலைப் பற்றிக் கேட்டபோது எனக்கு இந்தக் கரைதான் நினைவுக்கு வந்தது. ஒன்றுகூடல் வேண்டும்; சந்தோசம் வேண்டும். அதில் இருந்து அடுத்த மாதத்துக்கு ஒரு வேலை பிறக்க வேண்டும். படிப்புக்கு உதவி தேவையான பிள்ளைகளின் பெயர்ப் பட்டியலை அங்கே வைத்துப் பிரித்துப் பொறுப்பெடுங்கள். வளவுப் படத்தை மேசையில் விரித்து, வந்தவர்களைக் கொண்டு திருத்துங்கள்.

8. மறிச்சுக்கட்டி, கரடிக்குளி, பாலைக்குளி முஸ்லிம் சனத்தோடு உறவை விடாதீர்கள். 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கு மாகாணம் முழுவதிலும் இருந்த முஸ்லிம் மக்களை வெளியேற்றினார்கள். நம்முடைய அயலவர்கள் புத்தளத்துப் பக்கம் ஓலைக் கொட்டில்களில் இருபது வருடம் இருந்தார்கள். தங்கள் ஊர்ப் பெயரை அவர்கள் விடவில்லை. அங்கே பிறந்த பிள்ளையும் தன்னை இன்ன ஊர் என்றே சொன்னது. எப்படி அதைச் செய்தார்கள் என்று போய்க் கேளுங்கள். ஊரை இழந்தும் ஊரை மனதில் வைத்திருப்பது எப்படி என்பதில் அவர்களுக்கு நம்மைவிட நீண்ட அனுபவம் இருக்கிறது. நம் பெயரால் ஆயுதம் வைத்திருந்தவர்கள் செய்த அநியாயம் அது என்பதை மறைக்காமல் ஒப்புக்கொண்டு கேளுங்கள். பிறகு நம் குளத்தையும் மேய்ச்சல் தரையையும் பற்றி அவர்களுக்கு நினைவிருப்பதையும் எழுதுங்கள். ஒரு ஊரின் எல்லை அயலூர்க்காரருக்கே நன்றாகத் தெரியும்.

9. மொழி. பிள்ளையிடம் தமிழ் நிற்க என்ன செய்வது என்று வெளிநாட்டுப் பெற்றோர் எல்லோரும் என்னிடம் கேட்கிறார்கள். அமெரிக்காவின் கிளீவ்லண்ட் நகரத்து ஹங்கேரியர்களைப் பற்றிச் சொல்கிறேன். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஆலை வேலைக்கு வந்த சனம். 1892இல் புனித எலிசபெத் பெயரில் அவர்கள் தொடங்கிய பங்குதான் அமெரிக்காவில் ஹங்கேரியக் கத்தோலிக்கருக்கான முதல் பங்கு. பக்கை வீதி என்ற தெரு முழுக்க அவர்களுடைய இறைச்சிக் கடை, வெதுப்பகம், பத்திரிகைக் காரியாலயம். தங்கள் விடுதலை வீரர் லாயோஷ் கொசூத்துக்கு 1902இல் அந்த நகரத்தில் சிலை வைத்தார்கள். 1956இல் தாய்நாட்டில் எழுந்த கிளர்ச்சி நசுக்கப்பட்டபோது அகதிகளாக இன்னொரு தொகுதி வந்து சேர்ந்தது. பிறகு பிள்ளைகள் படித்து, உத்தியோகம் பார்த்து, புறநகரங்களில் வீடு வாங்கிப் போனார்கள். தெரு கைமாறியது.

தெரு போன பிறகும் அவர்களிடம் மொழி மிஞ்சியதற்கு நான் காண்கிற காரணம் சாரணர் இயக்கம். அங்கே கூட்டமும் பாசறையும் ஹங்கேரிய மொழியில்தான். மூத்த பிள்ளை இளைய பிள்ளைகளைப் பழக்கும். கூடாரம் அடிக்கவும் நெருப்பு மூட்டவும் பாட்டுப் பாடவும் சொல்லிக் கொடுக்கும். பதினைந்து வயதுப் பிள்ளைக்கு எட்டு வயதுப் பிள்ளையை நடத்துகிற பொறுப்பு இருந்தால் மொழியை விட்டுவிட முடியாது. சிலையை வைக்க ஒரு தலைமுறை உழைத்தால் போதும். சாரணரை நடத்த ஒவ்வொரு தலைமுறையும் உழைக்க வேண்டும். அதனால்தான் அது பலன் தந்தது என்று நான் நம்புகிறேன்.

உங்கள் பிள்ளைக்குத் தமிழில் செய்ய வேண்டிய வேலை கொடுங்கள். பூசையில் முதலாம் வாசகம் வாசிக்கட்டும். சங்கக் கூட்டத்தின் அறிக்கையைத் தமிழில் எழுதட்டும். பிழை இருந்தால் இருக்கட்டும். மலங்காட்டில் இருக்கிற அம்மம்மாவுக்கு மாதத்தில் இரண்டு தடவை போன் எடுத்து, வளவுப் படத்தில் சந்தேகமான ஒரு இடத்தைக் கேட்டு எழுதட்டும். சும்மா "சுகமா, சாப்பிட்டீங்களா" என்ற பேச்சு மூன்று நிமிடத்தில் வறண்டுவிடும். கேட்டு அறிய வேண்டிய விசயம் இருந்தால் அரை மணித்தியாலம் ஓடும். இங்கே இருக்கிற பிள்ளைகளும் அந்தப் பிள்ளைகளின் தமிழைக் கேட்டுச் சிரிக்கக் கூடாது. ஒரு தடவை சிரித்தால் அந்தப் பிள்ளை அடுத்த தடவை வாய் திறக்காது.

10. வெளிநாட்டுக் காசு வரும்போது முதலில் வருகிற யோசனை நுழைவாயில் வளைவும் பெயர்ப் பலகையும். அந்த யோசனையைப் பின்னுக்குத் தள்ளுங்கள். பிள்ளைகளின் போக்குவரத்து, ஒரு கணித ஆசிரியரின் மேலதிக வகுப்பு, வயதானவர்களின் மருந்து, வள்ளத்தின் இயந்திரம் பழுதானவனுக்குத் திருப்பிக் கட்டுகிற கடன். இவை முதலில். கொடுத்தவரின் பெயரைச் சுவரில் எழுதுவதில்லை என்று தொடக்கத்திலேயே தீர்மானம் போடுங்கள். அதனால் சிலர் தராமல் விடுவார்கள். விடட்டும். காசு உள்ள வீட்டுக்குச் சங்கத்தில் இரண்டு வாக்கு என்ற நிலை வந்தால், காசில்லாத வீட்டார் ஒரு சத்தமும் இல்லாமல் விலகிவிடுவார்கள். இங்கே காவல் இருந்த சனம் அவர்கள்தான்.

வெளியூரில் இருந்து கலியாணம் செய்து வந்த மருமகள்மாரையும் மருமகன்மாரையும் பற்றி இதோடு ஒரு சொல். அவர்கள் பழைய ஊரைக் கண்டதில்லை. பாதிப் பேருக்கு மலங்காட்டுக் கொட்டில்தான் முள்ளிக்குளம். "உனக்கென்ன தெரியும்" என்ற சொல்லைச் சங்கத்துக்குள் அனுமதிக்காதீர்கள். இரண்டு திருவிழாவுக்குச் சோறு வடித்தவள் இந்த ஊர்க்காரி. சைவப் பிள்ளையாக வந்திருந்தாலும் சரி, சிங்களப் பிள்ளையாக வந்திருந்தாலும் சரி.

11. கடைசியாகச் சேமக்காலை. நவம்பர் 2ஆம் திகதி, ஆத்துமாக்கள் திருநாள். முன்னரே பங்குச் சுவாமியோடு பேசி, அனுமதி தேவையான இடத்தில் எழுத்தில் அனுமதி கேட்டு, அந்தக் கடிதத்தின் பிரதியைக் கொப்பியோடு ஒட்டி வையுங்கள். இல்லை என்று பதில் வந்தால் அந்தப் பதிலையும் ஒட்டுங்கள். புல் வெட்டவும் குருசுகளுக்கு வெள்ளை அடிக்கவும் இளைஞர் ஒரு நாள் முன்னரே போக வேண்டும். பெயர் அழிந்த குருசுகளுக்குப் பக்கத்தில் வயதானவர் ஒருவரை நிறுத்தி யாருடையது என்று கேட்டு எழுதுங்கள். இடம்பெயர்ந்த காலத்தில் முகாமிலும் வேறு ஊர்ச் சேமக்காலையிலும் வெளிநாட்டிலும் அடக்கம் செய்யப்பட்டவர்கள் பலர். அவர்களின் பெயர்களையும் இந்தப் பட்டியலில் சேர்த்து, பூசையில் குடும்பம் குடும்பமாக வாசிக்கக் கொடுங்கள். வெளிநாட்டில் இருந்து பெயர்கள் வந்து சேரத் தாமதமாகும். ஒக்டோபர் முதல் கிழமையே கேட்கத் தொடங்குங்கள். மாதக் கடைசியில் பட்டியலைத் தட்டச்சு செய்து, எழுத்துப் பிழை பார்க்க என்னிடம் கொண்டு வாருங்கள்.